வடிவு பாடிப் போன பாட்டு

பொம்பளைக்கு வருகிற கோபத்தில் பாதி வாய் வழியாகப் போய்விடும், மீதி தூங்கி எழுந்தால் போய்விடும் என்று சொல்கிற ஆட்கள் யாரும் கல்லாம்பட்டி செண்பகவடிவைப் பார்த்ததில்லை. அவளுக்கு வந்த கோபம் வாய் வழியாகத்தான் வெளியே வந்தது, வந்தது வந்தபடியே இருந்தது, சாயங்காலம் ஆரம்பித்தது மறுநாள் காலையிலும் வந்தது, அந்த வாரம் பூராவும் வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது, இடையில் ஒரு தடவைகூட அவள் மூச்சை உள்ளே இழுக்கவில்லை. இதில் நம்புவதற்கும் நம்பாததற்கும் ஒன்றுமில்லை, இரண்டு ஊரும் கூடி நின்று பார்த்தது. எனக்கு இன்றைக்கும் பிடிபடாதது அவளைச் சுற்றி நின்ற ஆம்பிளைகளின் முகம்தான். வெட்கம் என்று ஒன்று அதில் கடைசிவரை தட்டுப்படவேயில்லை.

பங்குனி பிறந்தால் கல்லாம்பட்டிக்கும் வேம்படியூருக்கும் பெண்கள் கபடி. ஐந்து ஆட்டம், மூன்று ஜெயித்த ஊருக்குக் கோப்பை. பீடி சுற்றுகிறவள், செங்கல் சூளைக்குப் போகிறவள், சத்துணவுக்கூடத்தில் சோறு ஆக்குகிறவள், பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிப் பக்கத்துக்காரியிடம் கொடுத்துவிட்டு வருகிறவள் என்று ஊருக்கு ஏழு பேர். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் என்பதால் எதிரே நிற்பவள் யாருக்காவது நாத்தனாராகவோ கொழுந்தியாளாகவோதான் இருப்பாள், அதனால் அடி கொஞ்சம் பலமாகவே விழும். கல்லாம்பட்டிக்குப் பாடிப் போவது வடிவு. விவரம் தெரிந்த நாளிலிருந்து பீடித்தூளைத் தின்ற நெஞ்சு அது, நியாயமாகப் பார்த்தால் இருமி இருமியே நாசமாகியிருக்க வேண்டும், ஆனால் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் அந்த நெஞ்சுக்குத் தம் எங்கிருந்துதான் வருமோ. வேம்படியூருக்குப் பிடிக்கிற ஆள் சூளைக்காரி மாடத்தி. காலைப் பிடித்தால் செங்கல்லைப் பிடித்த மாதிரி, விடமாட்டாள். அவளுக்கு உலகத்தில் ஒரே ஆசைதான், கோட்டுக்கு ஓடுகிற வடிவின் கணுக்காலை ஒரு தடவை, ஒரே தடவை, பிடித்து நிறுத்திவிட வேண்டும். வருசா வருசம் அவள் கையில் மண்தான் மிஞ்சியது, கோப்பை கல்லாம்பட்டிக்கே போனது.

அந்த வருசம் ஊருக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். ஐந்தாவது வேம்படியூர்த் திடலில். அதிலும் கடைசிப் பாட்டு வரைக்கும் சமம். சமத்தில் முடிந்தால் கோப்பை பழைய ஆளிடமே இருக்கும் என்பது பேச்சு, ஆகவே வடிவு யாரையும் தொடக்கூட வேண்டாம், கடைசியாக ஒரு தடவை உள்ளே பாடிப் போய்விட்டு உயிரோடு கோட்டுக்குத் திரும்பினால் போதும். அவள் மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தபோது சுடலைமுத்து பக்கத்தில் வந்து குனிந்தான். அவன் அவளுக்குப் புருசன், டீமுக்கு மேனேஜர், ஊருக்குப் பெரிய மனுசன் ஆகப்போகிறோம் என்ற நினைப்பில் வெள்ளை வேட்டியை அழுக்குப்படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே திரிகிற ஆள்.

"உள்ள போயி தம்ம விட்டுரு" என்றான்.

"என்னது?"

"தம்ம விட்டுருங்கேன். சத்தம் போடாத. வெள்ளைப்பாண்டியண்ணன்கிட்டப் பேசி முடிச்சாச்சி. கோப்பை அவுகளுக்கு, தண்ணி நமக்கு. ஆட்டம் முடிஞ்சதும் மடையத் திறந்துருதேன்னு சொல்லிட்டாரு."

வெள்ளைப்பாண்டி வேம்படியூர்க் குளத்துப் பாசனச் சங்கத் தலைவர். பெரிய குளம் மேலே இருப்பது வேம்படியூரில், அதன் மடைக்குக் கீழே இருப்பது கல்லாம்பட்டி வயலும் வாழையும். ஏதோ ஒரு கோயில் மரியாதைத் தகராறில் அவர் மடை ஷட்டருக்குப் பூட்டுப் போட்டதிலிருந்து கல்லாம்பட்டி வாழை நின்ற நிலையிலேயே காய்ந்துகொண்டிருந்தது. வடிவும் கொஞ்சம் வாழை போட்டிருந்தாள். குடம் குடமாகச் சுமந்து ஊற்றித்தான் அதற்கு உயிர் இருந்தது.

"எப்பப் பேசினிய?" என்று கேட்டாள்.

"மூணாவது ஆட்டம் முடிஞ்ச அன்னைக்கே."

"அப்ப நாலாவது ஆட்டத்துல நான் முட்டியப் பேத்துக்கிட்டு ஆடுனது?"

சுடலைமுத்து கொஞ்சம் யோசித்தான். "ஆட்டம் பாக்க நல்லா இருக்கணும்லா" என்றான்.

அந்த வார்த்தை அவள் காதுக்குள் போய் நெஞ்சுக்குள் இறங்கிய நேரத்தில் நடுவர் தேவசகாயம் வாத்தியார் விசிலை ஊதிவிட்டார். அவள் இழுத்த மூச்சு அப்போது இழுத்ததுதான். கபடி கபடி என்று கோட்டைத் தாண்டினாள். எதிரே ஏழு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள், அவளே விட்டுவிடுவாள், எவளும் கையை வைக்கக்கூடாது என்று வெள்ளைப்பாண்டி அவர்களுக்கும் சொல்லியிருந்தார். மாடத்தியின் கண்ணைப் பார்த்தாள் வடிவு. அந்தக் கண்ணிலும் அதே கொள்ளி எரிந்தது. கோட்டுக்குத் திரும்பினால் ஊருக்குத் தண்ணீர் கிடையாது, காய்கிற வாழைக்கெல்லாம் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். தம்மை விட்டால் அவள் இத்தனை வருசம் ஆடியதெல்லாம் இவன்கள் டீக்கடையில் வைத்துப் பேசி முடிக்கிற ஒரு சங்கதி ஆகிவிடும். இரண்டையும் செய்யமாட்டேன் என்று அவள் முடிவெடுக்கவில்லை, மூச்சுதான் முடிவெடுத்தது. அது தீரவில்லை.

முதலில் ஜனங்கள் கை தட்டினார்கள், பிறகு வாயைப் பிளந்தார்கள், பிறகு இருட்டப் போகிறதே என்று வீட்டுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தார்கள், வந்து பார்த்தால் வடிவு பாடிக்கொண்டிருந்தாள். ஊர் ஆட்டத்தில் நேரக் கணக்குக் கிடையாது, தம் இருக்கும்வரை பாட்டு, பாட்டு இருக்கும்வரை ஆட்டம். தேவசகாயம் வாத்தியார் காதைக் கொடுத்துக் கேட்டுக் கேட்டுக் கழுத்து சுளுக்கிக்கொண்டு, மறுநாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையும் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார், தான் சாப்பிடப் போகிற நேரத்தில் காது கொடுப்பதற்குப் பள்ளிக்கூடத்து டீச்சர்களை முறை வைத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா கோட்டுக்கு வெளியே நின்று கையை நீட்டி வடிவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வெளியே வருகிற சத்தம்தான் இருக்கிறது, உள்ளே போகிற சத்தம் இல்லை, மற்றபடி நாடியெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, ரொம்பச் சோர்ந்து தெரிந்த வாத்தியாருக்குச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்புறம் எல்லாம் அதற்குத் தக்கபடி ஒதுங்கி வழி விட்டது. டீக்கடை திடலுக்கு இடம் மாறியது, வெயிலுக்குப் பந்தல் வந்தது, பந்தலுக்கு ரேடியோ செட் வந்தது, ரேடியோ செட்டுக்காரன் வடிவின் பாட்டை மைக்கில் பிடித்து நாலு திசைக்கும் விட்டான். தொட்டில் பிள்ளைகள் அந்தக் கபடி கபடியைக் கேட்டால்தான் தூங்கின, பீடிக்காரிகள் அந்தச் சத்தத்துக்கே இலையைச் சுருட்டினார்கள், பஸ் டிரைவர் திடல் முக்கில் வேகத்தைக் குறைத்து, பாட்டு ஓடுதா என்று கேட்டுவிட்டு ஓடுது என்று சொன்னபிறகுதான் கியரைப் போட்டார். தாலுகா ஆபீஸிலிருந்து ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு மனு ஏதாவது இருந்தால் கொடுக்கலாம் என்றார். கோயில் கமிட்டிக்காரர்கள் மாலையோடு வந்து அம்பாள் இறங்கியிருக்கிறாள் என்று கும்பிட்டபோது வடிவு அவர்களைப் பார்த்த பார்வையில் மாலையைக் கையோடு திரும்பக் கொண்டுபோனார்கள். அம்பாள் என்று சொல்லிவிட்டால் சௌகரியம்தானே. எதற்காகக் கோபம் என்று அம்பாளைக் கேட்க வேண்டியதில்லை, தேங்காய் உடைத்தால் முடிந்தது.

அவள் சாப்பிடவில்லை, மெலியவுமில்லை. உட்காரவில்லை. வேம்படியூர் ஆட்டக்காரிகள் வேலைக்குப் போகிற நேரம் பார்த்து ஆள் மாற்றிக்கொண்டார்கள், மாடத்தி மட்டும் சூளைக்கே போகவில்லை, கையைப் பின்னால் கட்டியவள் கட்டியபடி நின்றாள்.

கல்லாம்பட்டியில் வாழை ஒவ்வொன்றாக மடங்கியது. ஆட்டம் முடிந்தால்தானே மடை, ஆட்டம் எங்கே முடிந்தது என்று வெள்ளைப்பாண்டி கையை விரித்தார். உடனே கல்லாம்பட்டியின் மொத்தக் கோபமும் எங்கே திரும்ப வேண்டும்? பூட்டுப் போட்டவன் மேல் திரும்பவில்லை, பேசி முடித்தவன் மேல் திரும்பவில்லை, நேராகத் திடலுக்கு வந்து வடிவு மேல் விழுந்தது. ஊரே அழியுது, ஒரு மூச்சு, விட்டுத் தொலைத்தால் என்ன கேடு என்று அவள் கூட ஆடிய ஒருத்தியின் அண்ணனே கேட்டான். இவளுக்குத் திமிர் என்றான் இன்னொருத்தன். சுடலைமுத்து தினமும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து கோட்டோரம் நின்று, முதலில் கெஞ்சினான், பிறகு அதட்டினான், பிறகு ஊராருக்குக் கேட்கிற மாதிரி, "நான் என்ன செய்யட்டும், வாங்கி வந்த வரம் அப்படி" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். கேட்கக் கேட்க அவள் பாட்டு உரத்தது. மைக்கே தேவைப்படவில்லை.

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தி சொன்னார்கள், ஒருத்தனுக்காவது அவளிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை. கடைசியில் வாயைத் திறந்தது மாடத்திதான்.

"மதினி" என்றாள். எதிரெதிர் டீம் என்றாலும் முறை முறைதான். "நீ கோட்டுக்கு ஓடாம இங்கனயே சுத்துத. இப்ப உன்னைப் பிடிச்சா அது பிடியே கிடையாது, எவனோ போட்ட பிச்சை. எனக்கு அது வேண்டாம். நீ ஓடணும், நான் பிடிக்கணும். ஓடணும்னா ஊருக்குத் தண்ணி வந்திருக்கணும். அதான உன் மனசுல கிடக்கு?"

வடிவு பாடிக்கொண்டே அவளைப் பார்த்தாள். பாடிக்கொண்டே தலையை ஆட்டினாள். அத்தனை நாளில் முதல்முறையாக அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, அது துக்கமில்லை, எரிச்சல், இதைக் கேட்க ஒரு எதிராளி வேண்டியிருக்கிறதே என்கிற எரிச்சல்.

மாடத்தி வாத்தியாரிடம் போனாள். "சார், கோடு யாரு போடணும்?"

"திடல் எந்த ஊரோ அந்த ஊர் ஆட்டக்காரங்க. அதுதான வழக்கம்."

"ஆட்டத்துக்கு நடுவுல போடலாமா?"

"அழிஞ்சா போட்டுத்தான ஆகணும்."

"எம்புட்டுத் தள்ளிப் போடணும்?"

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தத் திடலில் எந்தக் காலத்திலும் எவனும் டேப் பிடித்து அளந்ததில்லை, போன வருசம் கல்யாணப் பந்தல் இருந்ததென்று குறுக்கிப் போட்டார்கள், அதற்கு முந்தின வருசம் இடம் இருந்ததென்று நீட்டிப் போட்டார்கள். "இட வசதிக்கு ஏத்த மாதிரி" என்றார்.

"போதும் சார்" என்றாள் மாடத்தி.

பின்கோடு நடையிலேயே அழிந்து போயிருந்தது. வேம்படியூர்ப் பெண்கள் சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு வந்து அதைப் போட ஆரம்பித்தார்கள், பழைய இடத்தில் போடவில்லை, பக்கக் கோடுகள் இரண்டையும் பிடித்து நேராக இழுத்துக்கொண்டே போனார்கள். பந்தலைத் தாண்டியது, டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் போனது, ரேசன் கடையைச் சுற்றித் தெருவுக்குள் நுழைந்தது. சுண்ணாம்பு தீர்ந்தபோது வீட்டு வாசல்களில் நின்றவர்கள் உள்ளே போய் வீட்டில் இருந்த கோலப்பொடியைக் கொண்டுவந்து கொட்டினார்கள், அதுவும் தீர்ந்தபோது அடுப்புச் சாம்பலை அள்ளி வந்தார்கள். ஏற்கனவே தெரிந்து வைத்திருந்த மாதிரி ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. கோடு போகப் போக ஏழு பேரும் பின்வாங்க, வடிவு பாடிக்கொண்டே முன்னேற, குடையைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் காதைக் கொடுத்தபடி கூடவே நடக்க, ஆடுகளம் வேம்படியூருக்குள் புகுந்து நடந்தது. வெள்ளைப்பாண்டி வீட்டு முற்றத்தில் ஒரு பக்கக் கோடு ஏறி, மாட்டுக்கொட்டகை வழியாக இறங்கியது.

"எவட்டி எம் வீட்டுக்குள்ள கோடு போடுதது?" என்று துண்டை உதறிக்கொண்டு வந்தார் அவர்.

"கோட்டுக்கு உள்ள நிக்காதிய அண்ணாச்சி" என்றார் வாத்தியார், "ஆட்டம் நடக்கு." இத்தனை நாள் காது கொடுத்த மனுசன், ஆட்டம் என்றால் அவருக்கு ஆட்டம்தான். வெள்ளைப்பாண்டி சட்டென்று ஒதுங்கினார். காறித் துப்பலாம், ஊர்க்கூட்டம் போடலாம், ஆனால் கோட்டுக்குள் கால் வைத்து ஆட்டத்தைக் கெடுத்தவன் என்ற பெயரை எந்த வேம்படியூர்க்காரனும் வாங்கமாட்டான்.

குளத்துக் கரை ஏறி, மடை ஷட்டரைச் சுற்றிவந்து கோடு முடிந்தது. ஷட்டரில் பூட்டு. மாடத்தி கரையில் கிடந்த கருங்கல்லை எடுத்தாள், சூளையில் இத்தனை வருசம் சுமந்ததையெல்லாம் சேர்த்து ஒரே போடாகப் போட்டாள், பூட்டு தெறித்துத் தண்ணீருக்குள் விழுந்தது. கைப்பிடி துருவேறி இறுகியிருந்தது. ஒரு பக்கம் வடிவு பிடித்துக்கொண்டாள், மறுபக்கம் ஏழு பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி விரல் எதிராளி மேல் பட்டாலும் அது தொட்ட கணக்காகிவிடும் என்று பார்த்துப் பார்த்துத் திருகினார்கள். வடிவின் கபடி கபடிக்கு எல்லோரும் தம் கட்டினார்கள். ஷட்டர் முனகி முனகி மேலே ஏறியது. தண்ணீர் செம்மண் நிறத்தில் முட்டிக்கொண்டு வெளியே வந்து, வாய்க்காலில் கிடந்த சருகையும் செத்தையையும் உருட்டிக்கொண்டு கல்லாம்பட்டியைப் பார்த்து ஓடியது. திறந்ததை இனி எவன் மூடுவான்? இரண்டு ஊர்ப் பெண்களும் கரை மேல் நின்றார்கள்.

மாடத்தி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "இப்ப ஓடு, மதினி" என்றாள்.

வடிவு ஓடினாள். அது என்ன ஓட்டம். கரையிலிருந்து இறங்கி, மாட்டுக்கொட்டகை வழியாக, முற்றம் வழியாக, ரேசன் கடையைச் சுற்றித் திடலைப் பார்த்து ஓடினாள். பாட்டில் இப்போது வேறு சூடு இருந்தது, இத்தனை நாள் நின்று எரிந்தது இப்போது ஓடி எரிந்தது. பின்னால் ஏழு பேர். அந்தப் பாட்டில் முதல்முறையாக எவன் சொல்லும் நடுவில் இல்லாமல் ஏழு பேர். ஒருத்தி இடுப்பைப் பிடித்தாள், வடிவு உதறினாள். ஒருத்தி தோளைப் பிடித்தாள், குனிந்து தப்பினாள். டீக்கடைப் பெஞ்சைத் தாண்டியபோது நடுக்கோடு தெரிந்தது, கல்லாம்பட்டி ஆட்டக்காரிகள் அந்தப் பக்கம் நின்று வா வா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். அவள் பாய்ந்தாள். மாடத்தியும் பாய்ந்தாள்.

கணுக்காலைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். வடிவு அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மண்ணில் முழங்கையை ஊன்றி ஊர்ந்தாள், மேலே மற்ற ஆறு பேரும் வந்து விழுந்தார்கள், கையை நீட்டினாள், விரலுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு பீடி நீளம்கூட இருக்காது. அங்கே தீர்ந்தது மூச்சு.

பாட்டு நின்றதும் இரண்டு ஊரும் திடுக்கிட்டது. தொட்டில்களில் பிள்ளைகள் விழித்துக்கொண்டு வீறிட்டன. வாத்தியார் விசிலை ஊதினார். வேம்படியூருக்கு ஒரு பாயின்ட், ஆட்டம் வேம்படியூருக்கு, கோப்பை வேம்படியூருக்கு.

மாடத்தி காலை விடவில்லை. "பிடிச்சிட்டேன்லா மதினி?" என்றாள். அழுதாள்.

"பிடிச்சிட்ட" என்றாள் வடிவு. குரல் கரகரத்தது. "உண்மையாவே பிடிச்சிட்ட, மூதி."

ஆம்பிளைகள் கூடிவிட்டார்கள். சுடலைமுத்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றான், முகம் பூரித்துக் கிடந்தது. "பாத்தியளா? கடைசில நாம பேசின மாதிரியே முடிஞ்சிட்டு. கோப்பை அவுகளுக்கு, தண்ணி நமக்கு. இதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றான். பூட்டு உடைந்ததைப் பற்றி ஏதோ சொல்ல வந்த வெள்ளைப்பாண்டியும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அதானே என்று சிரித்தார். நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். அடுத்த வருசத்துக்கு இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது என்று ஒருத்தர் யோசனை சொன்னார்.

வடிவு எழுந்தாள். அத்தனை நாளுக்கும் சேர்த்து மூச்சை உள்ளே இழுத்தாள், பந்தல் துணி அவள் பக்கமாகச் சாய்ந்தது, ஆம்பிளைகள் இரண்டடி பின்னுக்குப் போனார்கள். ஆனால் அவள் பாடவில்லை.

"என்கிட்டக் கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன், சொல்லுங்க" என்றாள்.

"தண்ணிக்குன்னா நீ சரின்னுதான் சொல்லியிருப்ப" என்றான் சுடலைமுத்து. "நம்ம வாழையும்லா காயுது."

"சொல்லியிருக்கலாம். உங்க கோப்பையக் கொண்டு குப்பையில போடுங்க, தண்ணி வரட்டும்னு நானே சொல்லியிருக்கலாம். போங்கடான்னும் சொல்லியிருக்கலாம். எதச் சொல்லியிருப்பேன்னு இனிமே எனக்கே தெரியாது. அது என்னோடது. அதத்தான் நீங்க தின்னுட்டிய."

அவள் பதிலுக்கு நிற்கவில்லை, கோப்பை வைத்திருந்த மேஜையைப் பார்த்து நடந்தாள். அங்கே வெள்ளைப்பாண்டி கோப்பையை எடுத்து மாடத்தி கையில் கொடுப்பதற்காகத் துண்டைச் சரி செய்துகொண்டிருந்தார். மாடத்தி அவர் நீட்டிய கையைச் சுற்றிக்கொண்டு போய், மேஜையிலிருந்து தானே எடுத்துக்கொண்டாள். வடிவு கை தட்டினாள்.